ஒரு நூல் பிசகு

எங்கள் வீட்டுப் பரணில் ஆறு ஆண்டுகளாக ஒரு மூட்டை கிடந்தது. பழைய வேட்டியில் முடிந்து வைத்திருந்த அந்த மூட்டைக்குள், நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டப்பட்ட 315 துணித் துண்டுகள் இருந்தன. அவற்றில் 135 துண்டுகள் பதினைந்து பதினைந்தாக இணைந்து ஒன்பது நீண்ட வரிசைகளாகியிருந்தன; மீதி 180 துண்டுகளில் ஊசியே பட்டிருக்கவில்லை. ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள ஒரு க்வில்ட்டைத் தைத்துவிட வேண்டும் என்று நான் இறங்கிய முதல் முயற்சியில் எஞ்சியது அவ்வளவுதான்.

க்வில்ட் என்பது மூன்றடுக்குத் துணி. மேலே துண்டுகளை இணைத்து உருவாக்கிய முகத்துணி, நடுவே பஞ்சோ கனமான துணியோ, அடியில் ஒரு முழுத்துணி; இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் அவற்றை ஒரே விரிப்பாகப் பிடித்து நிறுத்துகிறது. எனக்கு அப்போது தெரிந்திருந்தது இந்த விளக்கம் மட்டுமே. பள்ளித் தையல் வகுப்பில் கற்ற ஓட்டுத் தையலும் ஹெம்மிங்கும், மாமியார் விட்டுச்சென்ற மிதி இயந்திரமும் போதும் என்று நம்பினேன். முதலில் எல்லாத் துண்டுகளையும் வெட்டிவிடுவது, பிறகு எல்லா வரிசைகளையும் தைத்துவிடுவது, அதன் பிறகே வரிசைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது என்று திட்டமிட்டேன். ஏழு மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்து, ஒன்பது வரிசைகள் முடிந்ததும் பொறுமையிழந்து, அவற்றையாவது சேர்த்துப் பார்ப்போம் என்று தரையில் விரித்தேன். ஒரு வரிசையைவிட அதற்கு அடுத்தது ஏறக்குறைய இரண்டு அங்குலம் நீண்டிருந்தது. எந்த இரண்டு வரிசைகளை அருகருகே வைத்தாலும் மூட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கக்கூட எனக்குத் தெரியாததால், மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

மீண்டும் நான் ஊசியை எடுத்ததற்குக் காரணம் க்வில்ட் ஆசை அல்ல; அடுப்படிப் பிடிதுணி ஒன்று கருகிப்போனதுதான். ஈரோட்டில் எங்கள் தெருமுனையில் ரவிக்கை தைக்கும் பெண் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் பழந்துணி கேட்டபோது, "ஏனுங்க அக்கா, இந்தத் துக்கடாவெல்லாம் குப்பைக்குத்தான் போகுது, வேணுங்கிறதை அள்ளிக்குங்க" என்று ஒரு சாக்கையே நகர்த்தி வைத்தார். கைக்குழி வெட்டிய பிறை வடிவத் துண்டுகளும், விரல் அகலப் பட்டைகளும், உள்ளங்கையளவு முக்கோணங்களுமாக இருந்த அந்தச் சாக்கிலிருந்துதான் என் உண்மையான படிப்பு தொடங்கியது.

பிடிதுணிக்கு அளவு பார்த்து வெட்ட வேண்டிய தேவை இல்லை. ஒன்பது அங்குலச் சதுரமாக ஒரு பழைய பருத்தித் துணியை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு பட்டையை விரித்து, அதன்மேல் முகத்தோடு முகம் சேருமாறு அடுத்த பட்டையை வைத்து ஓரத்தில் தைத்து, திருப்பி மடித்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்த வேண்டும். இப்படி இருபுறமும் மூலைவரை சென்றபின் எட்டு அங்குலமாகச் சீர்செய்தால் முகத்துணி தயார். நடு அடுக்குக்குப் பழைய டர்க்கி டவலை இரண்டு மடிப்பாக வைத்தேன். சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் துணியில் பாலியஸ்டர் பஞ்சோ பாலியஸ்டர் துணியோ சேரவே கூடாது. சூட்டில் அது உருகிக் கையில் ஒட்டிவிடும். சாக்கிலிருந்த துண்டுகளில் எது பருத்தி, எது கலப்பு என்று அறிய ஒவ்வொன்றிலும் இரண்டு இழைகளை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தந்தது. பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கடினமான மணியாக நின்றது.

மூன்றடுக்கையும் சேர்த்துத் தைத்தபோது மேல்துணி அலையலையாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை இழுக்கின்றன, மேலிருக்கும் பாதமோ முகத்துணியை அழுத்திப் பின்தங்க வைக்கிறது. அதனால்தான் அடுக்குகள் நழுவுகின்றன. நெருக்கமாக ஊக்குகள் குத்தி, தையலின் நீளத்தைச் சற்றுக் கூட்டி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்தால் இந்த நழுவல் வெகுவாகக் குறைகிறது என்பதை இரண்டாவது பிடிதுணியிலேயே கண்டுகொண்டேன். பிறகு ஓரப்பட்டி. இரண்டரை அங்குல அகலப் பட்டையை நெடுக்கில் பாதியாக மடித்து, முகப்பக்கத்தில் கால் அங்குலத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் செய்ய வேண்டும். மூலை வரும்போது கால் அங்குலத்துக்கு முன்பே தையலை நிறுத்தி, பட்டையைச் சாய்வாக மேலே மடித்து, மீண்டும் நேர்கீழாக இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலையில் சீரான ஒரு மடிப்பு அமைகிறது. ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துப் பழகிய கைக்கு இது அந்நியமான வேலை அல்ல, ஆனால் மூலை என்பது கழுத்தில் வராத ஒன்று. முதல் பிடிதுணியில் நான்கு மூலைகளும் நான்கு விதமாக அமைந்தன. நான்காவதில் நான்கும் ஒன்றாக இருந்தன.

அந்த நான்காவது பிடிதுணியை முடித்த இரவில்தான் ஒன்று எனக்கு உறைத்தது. ஏழு மாதங்கள் உழைத்தும் நான் ஓரப்பட்டி என்ற கட்டத்தை எட்டவே இல்லை. மூன்றடுக்கைச் சேர்த்துத் தைக்கும் கட்டத்தைக்கூட எட்டவில்லை. வெட்டுவதை மட்டுமே 315 முறை செய்திருந்தேன். இப்போதோ ஒரே வாரத்தில் வெட்டுதல், இணைத்தல், அடுக்குதல், தைத்தல், ஓரம் கட்டுதல் என்ற முழுச் சுற்றையும் நான்கு முறை முடித்திருந்தேன். ஒரு கட்டத்தில் செய்த பிழை அடுத்த கட்டத்தில் என்ன செய்யும் என்பது அன்று மாலையே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய க்வில்ட்டில் அந்தப் பதில் வந்து சேர எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அதற்குள் அதே பிழையைப் பல வரிசைகளில் செய்து முடித்திருந்தேன்.

அந்தப் பிழை என்ன என்பதைக் காட்டிக்கொடுத்தவை காப்பி டவராவுக்கு அடியில் வைக்கும் சிறு விரிப்புகள். க்வில்ட் தைப்பவர்கள் 'நைன் பேட்ச்' என்று சொல்லும் ஒன்பது கட்ட அமைப்பு அது: மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள், அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறிமாறி. இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். க்வில்ட்டில் துணிகளைக் கால் அங்குலம் உள்ளே தள்ளித்தான் இணைக்க வேண்டும். ரவிக்கையில் பின்னாளில் பிரித்து அகலப்படுத்துவதற்காகத் தாராளமாகத் துணி விட்டுத் தைக்கும் நம் வழக்கத்துக்கு இது நேரெதிர். கணக்குப்படி ஒன்பது கட்டமும் சேர்ந்தபின் பக்கம் சரியாக ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். என்னுடையது நாலே முக்கால் இருந்தது. இரண்டே மூட்டுகளில் கால் அங்குலம் காணாமல் போயிருந்தது.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அதை இந்தக் கைவேலையைத் தொடங்கும் எவரும் முதல் நாளே செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவேன். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, வரிசையாக இணைத்து, மூட்டுகளை அழுத்திவிட்டு நடுப்பட்டையின் அகலத்தை அளக்க வேண்டும். அது மிகச் சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். எனக்கு முக்காலே அரைக்கால் வந்தது. அதாவது ஒவ்வொரு தையலும் ஒரு மாகாணி, பதினாறில் ஒரு பங்கு அங்குலம், கூடுதலாக உள்ளே போயிருந்தது. என் இயந்திரத்துப் பாதத்தின் ஓரத்தை நான் கால் அங்குலம் என்று நம்பியிருந்தேன். அளந்து பார்த்தால் ஊசியிலிருந்து அது கால் அங்குலத்துக்கும் மேல் ஒரு மாகாணி தள்ளி இருந்தது.

மாகாணி என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் ஒரு மூட்டில் இரண்டு துணிகள் சந்திக்கின்றன, இரண்டிலும் ஒவ்வொரு மாகாணி போனால் அரைக்கால் அங்குலம் போகிறது. தச்சர்களும் கொத்தனார்களும் அந்த அளவை ஒரு நூல் என்பார்கள். பதினைந்து சதுரங்கள் கொண்ட ஒரு வரிசையில் பதினான்கு மூட்டுகள். மூட்டுக்கு ஒரு நூல் என்றால் பதினான்கு நூல், அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். பரணில் கிடந்த வரிசைகள் ஏன் பொருந்தவில்லை என்பதற்கான விடை ஐந்து அங்குலமே உள்ள ஒரு டவரா விரிப்பில் கிடைத்தது. சில ஞாயிறுகளில் பாதத்தின் ஓரத்தைப் பார்த்துத் தைத்தேன், சில ஞாயிறுகளில் கண்மதிப்பாகத் தைத்தேன். ஒரே நாளில் தைத்த வரிசை தனக்குள் சீராக இருந்தது. வேறொரு நாளில் தைத்ததோடு மட்டுமே அது ஒத்துப்போகவில்லை.

இயந்திரத் தட்டில், ஊசியிலிருந்து கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே, நான்கைந்து காகித ஒட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு சிறு வரப்பு அமைத்தேன். மயிரிழை குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு: மூட்டினை மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பின் வளைவே ஓரிரு இழை துணியை எடுத்துக்கொள்கிறது. வெட்டுவதிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. தினசரி காலண்டரின் அட்டையில் வெட்டிய அச்சைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தே எல்லாச் சதுரங்களையும் வெட்டியிருந்தேன். பென்சில் உரச உரச அட்டையின் மூலைகள் தேய்ந்து, நூறாவது சதுரம் முதல் சதுரத்தைவிடச் சிறுத்திருந்தது. இப்போது எஃகு அடிக்கோலைத் துணிமேல் வைத்துத்தான் வெட்டுகிறேன். அழுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு வரிசையின் மூட்டுகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மூட்டுகளை வலப்பக்கமும் சாய்த்து அழுத்தினால், இரு வரிசைகளையும் சேர்க்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து, கட்டங்களின் மூலைகள் தாமாகவே சந்திக்கின்றன. அழுத்தும்போது பெட்டியை இழுக்கக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும்.

அடுத்து ஊசி மெத்தைகள் தைத்தேன். அவற்றில் முக்கோணங்கள் வருகின்றன. முக்கோணத்தின் சாய்ந்த பக்கம் துணியின் குறுக்குவாக்கில், தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் வாக்கில், அமைகிறது. பாவு நூலின் வாக்கில் துணி மிகக் குறைவாகவும் ஊடை வாக்கில் சற்றே கூடுதலாகவும் நெகிழும். கிராஸில் ரப்பர் போல இழுபடும். தனி முக்கோணங்களாக வெட்டித் தைத்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடுவது நல்ல வழி: இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் சேர்த்து, மூலைவிட்டம் வரைந்து, அந்தக் கோட்டின் இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, பிறகே கோட்டில் வெட்டினால் இருநிற முக்கோணங்கள் கொண்ட இரண்டு சதுரங்கள் கிடைக்கும். முடிந்தபின் இரண்டு அங்குலம் வேண்டுமென்றால் வெட்டும்போது இரண்டே முக்காலே அரைக்கால் வைக்க வேண்டும். நான் மூன்றாக வெட்டிப் பிறகு சீர்செய்துகொள்கிறேன். அப்படி நான்கு சதுரங்களைச் சேர்த்தால் காற்றாடி வடிவம். உள்ளே இலவம் பஞ்சை இறுக அடைத்தேன். விரிப்புகளின் நடு அடுக்குக்கு இலவம் பஞ்சு ஆகாது, நழுவி ஒரு மூலையில் சேர்ந்துவிடும். ஊசி மெத்தைக்கு அது பொருத்தமானது.

துணிகளின் குணம் பற்றியும் துண்டுகளே கற்றுத்தந்தன. டூ பை டூ ரவிக்கைத் துணி மென்மையாக இருந்தாலும் நெசவு நெருக்கமானது, ஓரம் பிரியாது. லைனிங் துணி தளர்வானது. கால் அங்குலத் தையலில் இழை பிரிந்து மூட்டே விட்டுப்போகும். அடித்துணிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று காடா துணி வாங்கி, துவைக்காமலே பயன்படுத்தினேன். அதிலுள்ள கஞ்சி போய் முதல் சலவையிலேயே அது சுருங்க, விரிப்பின் நான்கு ஓரங்களும் கீழ்நோக்கிச் சுருண்டுகொண்டன. புதிய சிவப்புச் சுங்குடித் துண்டை வெள்ளைக்கு அருகில் வைத்த மற்றொரு விரிப்பு முழுவதும் வெளிர்சிவப்பானது. இப்போதெல்லாம் எந்தத் துண்டும் தண்ணீர் தெளியும்வரை அலசப்படாமல் என் மேசைக்கு வருவதில்லை.

துண்டுகளில் மிக மெலிந்த பட்டைகள் சேர்ந்துகொண்டே போனதால் 'லாக் கேபின்' என்ற அமைப்புக்கு வந்தேன். நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகளை ஒவ்வொன்றாக வளர்த்துக்கொண்டு போவது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டும் அமெரிக்க வீடுகளின் பெயரால் வழங்கும் இதில், நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைத்து அதை வீட்டின் கணப்பாகக் கருதும் வழக்கம் அங்கு உண்டு. இரண்டு அங்குல நடுச்சதுரத்தைச் சுற்றி ஓர் அங்குலப் பட்டைகளால் ஐந்து சுற்று வந்தால் பன்னிரண்டு அங்குலம். நாற்காலி இருக்கைக்குப் போதுமான அளவு. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வெளிர்நிறமும் எதிர் இரண்டு பக்கங்களில் அடர்நிறமும் வைக்க வேண்டும். நிறம் எது என்பதைவிட அது எவ்வளவு அடர்த்தி என்பதே உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. மயில்கழுத்துப் பச்சையும் அரக்கும் எனக்கு வெவ்வேறு நிறங்கள். கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல். அவற்றை எதிரெதிரே வைத்த என் முதல் இருக்கை விரிப்பில் வடிவமே தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு மரபு நமக்கு அருகிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' நடுவில் தொடங்குவதில்லை, ஓரத்தில் தொடங்குகிறது. பழைய சேலையை அடித்துணியாக விரித்து, அதன் ஒரு மூலையிலிருந்து துண்டுகளை ஓரம் மடித்து வைத்துக்கொண்டே, பக்கம் பக்கமாகச் சுற்றி, ஓட்டுத் தையலால் உள்நோக்கிப் போகிறார்கள். கடைசித் துண்டு நடுவில் அமரும். மூலைகளில் மடித்த சிறு முக்கோணங்களைப் பூ என்று வைக்கிறார்கள். பூ இல்லாத கவந்தி முழுமையானதாகக் கருதப்படுவதில்லை. இணைப்பதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் இதில் ஒரே செயல். பதினெட்டு அங்குலத்தில் நான் ஒன்று தைத்தேன், பதினோரு மாலைகள் ஆயின. அடிக்கோல் இல்லை, இயந்திரம் இல்லை, பிறைத் துண்டுகளைக்கூட நேராக்காமல் அப்படியே மடித்து வைக்க முடிந்தது. மாகாணிக் கணக்கோடு மல்லாடிய கைக்கு அது பெரிய ஆறுதல். அளந்து தைப்பதைக் கற்றபின் அளக்காமல் தைத்ததால்தான் துணி தன் போக்கில் எங்கே இழுக்கிறது என்பதை விரலால் உணர முடிந்தது என்று நினைக்கிறேன்.

நெருங்கிய உறவினர் ஒருவர் அந்தக் கவந்தியைப் பார்த்துவிட்டு, "ஒட்டுப் போட்டதை எதுக்குக் கூடத்துல விரிக்கிற, கண்ணு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. ஒட்டுத்துணி வறுமையின் அடையாளமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். தையலுக்குத் துன்னல் என்றும் கிழிந்த துணிக்குச் சிதார் என்றும் பெயர் வைத்த சங்கப் பாடல்களிலேயே ஒட்டுப் போட்ட ஆடை இரவலரின் வறுமையைக் காட்டுகிறது. ஆனால் தேர்களில் தொங்கும் தொம்பையும் துணிமேல் துணி வைத்துத் தைத்ததுதான். அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் வடம் பிடிக்கிறோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் கிழிந்த வேலை உடைகளைக் கொண்டு குளிருக்குத் தைத்த க்வில்ட்டுகள் 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஏறின. 2006இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. பச்சைக் குழந்தைக்கு மட்டும் ஏன் பழைய சேலையை விரிக்கிறோம் என்று கேட்டேன். "அதுதானே பதமா இருக்கும்" என்றார். கிளம்பும்போது பிடிதுணி இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சென்ற மார்கழியில் பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். ஒன்பது வரிசைகளையும் அளந்து, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு குத்தினேன். இருக்க வேண்டிய நீளம் அறுபதரை அங்குலம். மிக நீண்டது அந்த அளவுக்குச் சரியாகவே இருந்தது, மிகக் குட்டையானது ஐம்பத்தெட்டே முக்கால். முன்பு நான் பார்த்த அதே வரிசைகள்தான். இம்முறை எந்த மூட்டில் எவ்வளவு போயிற்று என்பது பார்த்தவுடன் தெரிந்தது. எல்லாவற்றையும் பிரித்துத் தைப்பதென்றால் 126 மூட்டுகள். அதற்குப் பதிலாக, ஒரு வரிசை தனக்குள் சீரானது என்ற ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு மூட்டுகளை மட்டும் பிரித்தால் ஐந்து சதுரங்கள் கொண்ட மூன்று துண்டங்கள் கிடைக்கும். ஒரே நாளில், ஒரே பிழையோடு தைக்கப்பட்டவை என்பதால் அம்மூன்றும் ஒரே நீளம் இருக்கும். நடுத்துண்டத்தை மட்டும் தலைமாற்றி வைத்தால் நிறங்களும் மாறி அமையும், மூட்டுகளின் சாய்வும் எதிரெதிராகிவிடும். பதினெட்டு மூட்டுகளைப் பிரிக்க ஒரே ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

இப்போது அவை சாப்பாட்டு மேசைத் தட்டு விரிப்புகளாகிக்கொண்டிருக்கின்றன. ஆறு முடிந்துவிட்டன, ஏழாவதுக்கு ஓரப்பட்டி பாக்கி. மிக நீண்டதற்கும் மிகக் குட்டையானதற்கும் அரை அங்குலம் வித்தியாசம் இருக்கிறது. தட்டு வைத்தபின் அது தெரிவதில்லை. மீதமிருந்த 180 சதுரங்களில் தேய்ந்த அச்சில் வெட்டியவற்றை எஃகுக் கோல் வைத்து நாலே காலாகச் சீர்செய்து வருகிறேன். தையல்கடைக்காரப் பெண்ணின் மகளுக்குப் பள்ளிப் பை ஒன்று வேண்டுமாம், அதற்கு முப்பத்திரண்டு சதுரங்கள் போகும்.